தட்டில் வளராத கிருமி: தொழுநோய் நுண்ணுயிரி ஆய்வு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நுண்ணுயிரியல் மாணவர்கள், ஆய்வகத் தொழில்நுட்பர்கள், இந்த நோயைப் பற்றி ஆழமாகத் தெரிந்துகொள்ள விரும்பும் பொதுவாசகர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதப்பட்ட பக்கம் இது. சிகிச்சை பற்றிய தனிப்பட்ட ஆலோசனைக்கு அரசு மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவை அணுகுங்கள். அங்கே மருந்து இலவசம்.

தொழுநோயை உண்டாக்குவது எந்தக் கிருமி? எப்போது கண்டுபிடித்தார்கள்?

மைக்கோபாக்டீரியம் லெப்ரே. நார்வே நாட்டின் பெர்கன் நகரில் மருத்துவராக இருந்த கெர்ஹார்ட் ஆர்மர் ஹான்சன், 1873-இல் நோயாளிகளின் தோல் முடிச்சுகளிலிருந்து எடுத்த திரவத்தில் கோல் வடிவக் கிருமிகளைக் கண்டார். மனிதரின் நாட்பட்ட நோய் ஒன்றுக்குப் பாக்டீரியாவே காரணம் என்று சொல்லப்பட்ட மிகப் பழைய நிகழ்வுகளில் இதுவும் ஒன்று. காசநோய்க் கிருமியை ராபர்ட் காக் அறிவித்தது இதற்கு 9 ஆண்டுகள் கழித்து, 1882-இல்தான்.

காக் அந்தக் கிருமியை ஆய்வகத்தின் உணவூட்டிய தட்டில் வளர்த்தும் காட்டினார், விலங்குக்குச் செலுத்தி நோயை உண்டாக்கியும் காட்டினார். ஹான்சனால் இரண்டுமே முடியவில்லை. முதல் வேலை இன்றுவரை யாராலும் முடியவில்லை. இந்தத் துறையில் நடக்கும் ஏறக்குறைய எல்லாமே, செலவும் தாமதமும் உட்பட, அந்த ஒரு இடத்திலிருந்து வருகின்றன.

ஏன் வளர மறுக்கிறது? சரியான உணவைக் கொடுத்தால் வளராதா?

மரபணுத் தொகுதியைப் பார்த்தால் விடை பெரும்பாலும் கிடைத்துவிடும். 2001-இல் ஸ்டூவர்ட் கோல் தலைமையிலான குழு முழு வரிசையையும் வெளியிட்டது. அவர்கள் பயன்படுத்திய கிருமி வகையின் பெயர் 'டி.என்.'. தமிழ்நாட்டு நோயாளி ஒருவரிடமிருந்து பெறப்பட்டு, அர்மடில்லோ என்ற ஓடு போர்த்திய அமெரிக்க விலங்கில் பெருக்கப்பட்டது என்பதால் அந்தப் பெயர். உலகெங்கும் இந்தக் கிருமியின் மரபணுக்களை ஒப்பிடுபவர்கள் அனைவரும் இன்றும் அந்த வரிசையைத்தான் அடிப்படையாக வைத்துக்கொள்கிறார்கள்.

அதன் நீளம் சுமார் 32.7 லட்சம் எழுத்துகள். காசநோய்க் கிருமிக்கு 44 லட்சம். நீளத்தைவிட முக்கியம் உள்ளே இருக்கும் சேதம். காசநோய்க் கிருமியில் சுமார் 4,000 மரபணுக்கள் வேலை செய்கின்றன. இதில் சுமார் 1,600 மட்டுமே. 1,100-க்கும் மேற்பட்டவை சிதைந்துபோன மரபணுக்கள்: வடிவம் இருக்கிறது, புரதம் உருவாவதில்லை. இரும்பைப் பிடித்து இழுக்கும் மைக்கோபாக்டின் தயாரிக்கும் மரபணுக்கள் போய்விட்டன. சுவாசச் சங்கிலியின் ஒரு பகுதி போய்விட்டது. பல உணவுப் பொருள்களை உடைக்கும் வழிகளும் அடைபட்டுவிட்டன. மனித செல்லின் உள்ளே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து, அங்கே கிடைப்பதை எடுத்துக்கொண்டு, தானே தயாரிக்கத் தேவையில்லாதவற்றை இழந்துவிட்ட உயிர் இது. ஒரே ஒரு சத்து குறைகிறது என்றால் அதைத் தட்டில் சேர்த்துவிடலாம். ஒரே நேரத்தில் நூற்றுக்கணக்கான குறைகள் இருக்கும்போது எதைச் சேர்ப்பது என்பதே கேள்வி.

வேகமும் இன்னொரு தடை. ஈ. கோலை 20 நிமிடத்தில் இரட்டிப்பாகும். காசநோய்க் கிருமி ஏறத்தாழ ஒரு நாள் எடுக்கும். இது சுண்டெலியின் பாதத்தில் 12 முதல் 14 நாள் எடுத்துக்கொள்கிறது. ஊடகம், அதாவது கிருமிக்கு உணவூட்டும் கலவை, சரியா தவறா என்று தெரியவே மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அதற்குள் வேறு கிருமி புகுந்துவிடும்.

"ஆய்வகத்தில் வளர்த்துவிட்டார்கள்" என்று அவ்வப்போது செய்தி வருகிறதே?

நூறாண்டுகளுக்கும் மேலாக வருகிறது. சோதித்துப் பார்த்தவற்றில் பெரும்பாலும் தட்டில் வளர்ந்தது மண்ணிலும் நீரிலும் தோலிலும் வாழும் வேறு மைக்கோபாக்டீரியாவாக இருந்தது. லெப்ரேயைப் போல அதுவும், ஏற்றிய சாயத்தை அமிலம் பட்டாலும் இழக்காது. நுண்ணோக்கியில் அப்படியே தெரியும்.

இப்படிப்பட்ட செய்தியை மதிப்பிட மூன்று கேள்விகள் போதும். வளர்ந்ததன் டி.என்.ஏ. லெப்ரே வரிசையோடு பொருந்துகிறதா? புதுப்புது ஊடகத்துக்குத் திரும்பத் திரும்ப மாற்றியபோது எண்ணிக்கை உண்மையிலேயே கூடியதா, அல்லது முதலில் போட்ட கிருமியே நீர்த்து நீர்த்து வந்ததா? அதைச் சுண்டெலிப் பாதத்தில் செலுத்தியபோது, லெப்ரேவுக்கே உரிய மெதுவான வளர்ச்சி தெரிந்ததா? மூன்றுக்கும் 'ஆம்' என்று பல ஆய்வகங்கள் தனித்தனியாகச் சொல்லும்வரை காத்திருப்பதே நல்லது.

அப்படியானால் ஆய்வுக்குத் தேவையான கிருமி எங்கிருந்து வருகிறது?

மூன்று வழிகள் உண்டு: நோயாளியின் தோல் திசு, சுண்டெலி, அர்மடில்லோ.

1960-இல் அமெரிக்காவின் சார்லஸ் ஷெப்பர்டு, சுண்டெலியின் பின்னங்கால் பாதத்தில் கிருமியைச் செலுத்தினால் அது பெருகும் என்று காட்டினார். இந்தக் கிருமிக்கு உகந்தது 27 முதல் 33 டிகிரி வரையான வெப்பம். சுண்டெலியின் பாதம் அந்த அளவில் குளிர்ந்திருக்கும். மனித உடலிலும் காது மடல், மூக்கு, முழங்கைக்குப் பின்னால் ஓடும் நரம்பு போன்ற குளிர்ந்த இடங்களையே இது தேடிப் போகிறது.

சாதாரணச் சுண்டெலியில் கிருமி சுமார் 10 லட்சத்தை எட்டியதும் எதிர்ப்பாற்றல் விழித்துக்கொண்டு நிறுத்திவிடும். சோதனைக்கு அது போதும். அதிக அளவில் கிருமி எடுக்கப் போதாது. அதற்குத் தைமஸ் சுரப்பி இல்லாததால் எதிர்ப்பாற்றல் குன்றிய, முடியற்ற சுண்டெலி வேண்டும். உயிருள்ள கிருமி தேவைப்படும் ஆய்வுகளுக்கு இன்று பெரும்பாலும் இந்த எலிகளின் பாதத்திலிருந்தே எடுக்கிறார்கள்.

அர்மடில்லோவின் கதை 1971-இல் தொடங்குகிறது. கிர்ச்ஹைமர், ஸ்டார்ஸ் இருவரும் ஒன்பது பட்டை அர்மடில்லோவில் நோயை உண்டாக்கிக் காட்டினார்கள். அதன் உடல் வெப்பமே 33 முதல் 35 டிகிரிதான். அதனால் கிருமி பாதத்தோடு நிற்காமல் கல்லீரல், மண்ணீரல் எங்கும் பரவுகிறது. ஒரு கிராம் திசுவில் நூறு கோடிக்கு மேல் கிடைக்கும். இன்னொரு வசதி: இந்த விலங்கு ஒரே கருமுட்டையிலிருந்து அச்சு அசலாக நான்கு குட்டிகள் போடும். ஒரே மரபணு கொண்ட நால்வரில் இருவருக்கு மருந்து, இருவருக்கு மருந்தில்லை என்று ஒப்பிடலாம். சிக்கல்களும் உண்டு. அடைத்து வைத்தால் எளிதில் இனப்பெருக்கம் செய்யாது என்பதால் காட்டிலிருந்துதான் பிடிக்க வேண்டும். அமெரிக்காவின் தென்பகுதிக் காட்டு அர்மடில்லோக்களுக்கு ஏற்கெனவே தொழுநோய் இருக்கக்கூடும். தனிமைப்படுத்தி, ரத்தத்தில் எதிர்ப்பொருள் சோதனை செய்த பிறகே பயன்படுத்த முடியும். கிருமி நிறைய கிடைக்கும் நிலைக்கு வர ஒன்றரை முதல் இரண்டு ஆண்டு ஆகும். அது நம் நாட்டு விலங்கு அல்ல. இந்திய ஆய்வகங்கள் சுண்டெலியைக் கொண்டே வேலை செய்கின்றன. வேலூருக்கு அருகே கரிகிரி, ஆக்ராவின் ஜால்மா நிறுவனம் ஆகியவை இதில் நீண்ட அனுபவம் கொண்டவை.

சுண்டெலிப் பாதச் சோதனையை எப்படிச் செய்கிறார்கள்? எங்கே தவறுகிறது?

நோயாளியின் தோலிலிருந்து எடுத்த திசுவை மலட்டு உப்புநீரில் அரைத்து, வடிந்த திரவத்தில் உள்ள கிருமிகளை ஸ்லைடில் சாயமேற்றி எண்ணுவார்கள். பிறகு 0.03 மி.லி. திரவத்தில் 5,000 முதல் 10,000 கிருமி இருக்கும்படி நீர்த்து, ஒவ்வொரு பின்பாதத்திலும் செலுத்துவார்கள். மருந்து எதிர்ப்பைச் சோதிப்பதென்றால் எலிகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு வெறும் தீவனம். மற்றவற்றுக்கு டாப்சோன் என்ற தொழுநோய் மருந்து கலந்த தீவனம், 0.0001, 0.001, 0.01 சதவீதம் என்று மூன்று அளவுகளில். ஆறாம் மாதத்திலிருந்து ஒவ்வொரு குழுவிலும் சில பாதங்களை எடுத்து மறுபடி எண்ணுவார்கள். ஒரு பாதத்தில் ஒரு லட்சத்தைத் தாண்டியிருந்தால் வளர்ந்தது என்று பொருள். மிகக் குறைந்த அளவு மருந்தில் மட்டும் வளர்ந்தால் லேசான எதிர்ப்பு, 0.01 சதவீதத்திலும் வளர்ந்தால் முழு எதிர்ப்பு.

தவறுவது பெரும்பாலும் தொடக்கத்திலேயே. நோயாளி ஏற்கெனவே ரிஃபாம்பிசின் மருந்தை ஒரு வேளை விழுங்கியிருந்தால், திசுவில் கோடிக்கணக்கில் கிருமி தெரிந்தாலும் எதுவும் வளராது. திசு வரும் வழியில் வெயிலில் கிடந்தால் வளராது; உறைபனியில் வைத்தாலும் பெரும்பாலானவை இறந்துபோகும். எலி அறை சூடாக இருந்தால் வளர்ச்சி குன்றும். மருந்து கொடுக்காத குழுவிலேயே வளரவில்லை என்றால் அந்தச் சோதனை முழுவதையும் ஒதுக்க வேண்டும். "மருந்துக்குக் கட்டுப்பட்டது" என்று எழுதிவிடக் கூடாது.

இன்னொரு வரம்பும் உண்டு. 10,000 கிருமியில் பத்துப் பதினைந்தாவது உயிரோடு இருந்தால்தான் வளர்ச்சி தெரியும். ஆயிரத்தில் ஒன்றுக்கும் குறைவாக உயிர் இருந்தால் சாதாரணச் சுண்டெலியால் சொல்ல முடியாது. முடியற்ற எலியில் இன்னும் பல மடங்கு அதிகமாகச் செலுத்தலாம் என்பதால் அது எஞ்சிய சிலவற்றையும் காட்டிக்கொடுக்கும்.

தோல் ஸ்மியர் எடுப்பதில் சரியான முறை என்ன?

கிருமியின் டி.என்.ஏ.வைப் பெருக்கிக் கண்டறியும் பி.சி.ஆர். வந்த பிறகும், தோலைச் சுரண்டி எடுத்த திசுவை ஸ்லைடில் பூசிப் பார்க்கும் ஸ்மியர் தேவைப்படுகிறது. சரியாக எடுப்பவர்கள் குறைந்து வருவது உண்மையான இழப்பு.

காது மடலையோ திட்டின் ஓரத்தையோ கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுக்கிப் பிடியுங்கள். தோல் வெளுக்க வேண்டும். வெளுத்தால்தான் ரத்தம் வராது. 15-ஆம் எண் பிளேடால் 5 மி.மீ. நீளம், 2 மி.மீ. ஆழம் வெட்டுங்கள். பிடியை விடாமல், பிளேடைத் திருப்பி, வெட்டின் உள்சுவரை ஒரே திசையில் ஓரிரு முறை சுரண்டுங்கள். அதில் வரும் திசுக்கூழை ஸ்லைடில் 5 முதல் 8 மி.மீ. வட்டமாகப் பரப்புங்கள். காற்றில் காய்ந்ததும், பூச்சு மேல்பக்கம் இருக்க, சுடரின் மேல் மூன்று முறை காட்டுங்கள்.

பிறகு வடிகட்டிய 1 சதவீத கார்பால் ஃபியூக்சினை ஊற்றி, ஆவி எழும்வரை கீழிருந்து சூடாக்குங்கள். ஐந்து நிமிடத்தில் மூன்று முறை. கொதிக்கக் கூடாது. கழுவி, 1 சதவீத அமில ஆல்கஹாலை 10 விநாடி மட்டும் விடுங்கள். கழுவி, 0.2 சதவீத மெத்திலீன் நீலம் ஒரு நிமிடம். 100 மடங்கு எண்ணெய் லென்சில் 100 புலங்கள் பார்க்க வேண்டும் (புலம் என்பது லென்சில் ஒரே நேரத்தில் தெரியும் வட்டம்).

காசநோய்ச் சளிக்குப் பழகிய கை இங்கே ஒரு தவறு செய்யும்: அமிலத்தை அதே வலிமையில், அதே நேரம் விட்டுவிடும். தொழுநோய்க் கிருமி சாயத்தை அவ்வளவு உறுதியாகப் பிடித்துவைக்காது. வெளுத்துப்போய் 'இல்லை' என்று முடிவு வரும். திசு வெட்டுகளில் இந்தச் சிக்கல் இன்னும் அதிகம். கிருமியின் மெழுகுப் பூச்சைச் சைலீன் கரைத்துவிடும் என்பதால் ஃபைட் என்ற சாயமேற்றும் முறையில் சைலீனோடு கடலை எண்ணெய் போன்ற தாவர எண்ணெயைக் கலப்பது அதற்காகத்தான். வடிகட்டாத சாயத்தின் சிவப்புப் படிகங்களைக் கிருமி என்று எண்ணிவிடுவது இன்னொரு வழக்கமான பிழை. படிகம் வேறு குவியத்தில் தெரியும். நுண்திருகை லேசாகத் திருப்பினால் பிடிபடும்.

ஸ்மியர் அறிக்கையில் '4+' என்றால் என்ன?

ஒவ்வொரு புள்ளியும் முந்தையதைவிடப் பத்து மடங்கு. 100 புலத்தில் 1–10 கிருமி என்றால் 1+. 10 புலத்தில் 1–10 என்றால் 2+. ஒரு புலத்திலேயே 1–10 என்றால் 3+. 10–100 என்றால் 4+. 100–1,000 என்றால் 5+. அதற்கு மேல் 6+. அந்த நிலையில் கிருமிகள் கட்டிவைத்த சுருட்டுகளைப் போலக் கும்பலாகத் தெரியும்.

இந்த எண் இறந்த கிருமியையும் சேர்த்தே எண்ணுகிறது. சிகிச்சை முடிந்த பிறகும் ஆண்டுக்கு ஒரு புள்ளி, சிலருக்கு அதற்கும் குறைவாகவே இறங்கும். உடல் அந்தப் பிணங்களை அகற்ற ஆண்டுகள் ஆகும். 12 மாத மருந்தை முடித்த ஒருவருக்கு 3+ இருப்பதை மட்டும் வைத்து 'குணமாகவில்லை' என்று சொல்வது தவறு. முழுவதும் சீராகச் சாயமேறிய கோல்களின் சதவீதத்தைத் தனியே எண்ணுவார்கள். துண்டு துண்டாகத் தெரிபவை பெரும்பாலும் இறந்தவை.

ஸ்மியரில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோய் இல்லை என்றும் ஆகாது. ஒரு கிராம் திசுவில் ஏறக்குறைய 10,000 கிருமி இருந்தால்தான் ஸ்மியரில் தெரியும். உணர்ச்சியற்ற ஓரிரு திட்டு மட்டும் உள்ளவர்களிடம் அவ்வளவு இருக்காது.

பி.சி.ஆர். செய்தால் உயிருள்ளதா இறந்ததா என்று தெரியுமா?

டி.என்.ஏ.வைத் தேடும் பி.சி.ஆரால் தெரியாது. வழக்கமாகத் தேடுவது ஆர்.எல்.இ.பி. என்ற வரிசை, ஒரே கிருமியில் 37 பிரதிகள் இருப்பதால் மிகக் குறைந்த கிருமியையும் பிடித்துவிடும். ஆனால் செத்த கிருமியின் டி.என்.ஏ.வும் திசுவில் நீண்ட காலம் கிடக்கும்.

உயிரை அறிய ஆர்.என்.ஏ.வைத் தேட வேண்டும். அது விரைவில் சிதைந்துவிடும். முதலில் ஆர்.எல்.இ.பி. மூலம் கிருமி எண்ணிக்கையைக் கணக்கிட்டு, எல்லா மாதிரியிலும் சம அளவு கிருமி வரும்படி சரிசெய்து, பிறகு இஎஸ்எக்ஸ்ஏ, எச்எஸ்பி18 ஆகிய மரபணுக்களின் ஆர்.என்.ஏ.வை அளக்கிறார்கள். சரிசெய்யாமல் அளந்தால், கிருமி அதிகமுள்ள மாதிரி 'அதிக உயிர்ப்பு' என்று பொய்யாகத் தோன்றும். புதிய மருந்துகளைச் சுண்டெலியில் சோதிக்கும்போது இந்த முறை மாதங்களை மிச்சப்படுத்துகிறது.

மருந்து எதிர்ப்பு இருக்கிறதா?

இருக்கிறது. 1964-இல் மலேசியாவின் சுங்கை பூலோ மருத்துவமனை நோயாளிகளின் கிருமியைக் கொண்டு, டாப்சோன் எதிர்ப்பைச் சுண்டெலிப் பாதத்தில் பெட்டிட், ரீஸ் இருவரும் உறுதிசெய்தார்கள். ஒரே மருந்தை ஆண்டுக்கணக்கில் கொடுத்ததன் விளைவு அது. 1970-களில் ரிஃபாம்பிசின் எதிர்ப்பும் தெரிந்ததும்தான் உலக சுகாதார நிறுவனக் குழு 1981-இல் கூட்டு மருந்து சிகிச்சையைப் பரிந்துரைத்தது: மாதம் ஒருமுறை ரிஃபாம்பிசின் 600 மி.கி., க்ளோஃபாசிமின் 300 மி.கி.; தினமும் டாப்சோன் 100 மி.கி., க்ளோஃபாசிமின் 50 மி.கி. இது பெரியவர்களுக்கான அளவு.

இன்று எலிக்குக் காத்திருக்காமல் மூன்று மரபணுக்களின் வரிசையைப் படிக்கலாம்: ரிஃபாம்பிசினுக்கு ஆர்பிஓபி, டாப்சோனுக்கு எஃப்ஓஎல்பி1, ஓஃப்ளாக்சசினுக்கு ஜிஒய்ஆர்ஏ. இங்கே ஆய்வகத்தினர் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. ஆர்.எல்.இ.பி. பளிச்சென்று வரும், ஆர்பிஓபி வராது. 37 பிரதிக்கு எதிராக ஒரே பிரதி என்பதே காரணம். மாதிரியில் கிருமி போதவில்லை என்று பொருள். ஸ்மியரில் 2+ அல்லது அதற்கு மேல் உள்ளவர்களிடமிருந்து எடுத்தால் வெற்றி வாய்ப்பு கூடும்.

கிருமி நரம்பை எப்படிக் கெடுக்கிறது?

நரம்பிழைகளைச் சுற்றியுள்ள ஷ்வான் செல்களுக்குள் புகும் பாக்டீரியா இது. அதன் மேற்பரப்பில் உள்ள பீனாலிக் கிளைகோலிப்பிட்-1 என்ற கொழுப்பு, அந்தச் செல்லைச் சூழ்ந்த லாமினின் புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. அதன் பிறகு நடப்பதைப் பற்றி ஒன்றுக்கு மேற்பட்ட விளக்கம் உண்டு. 2013-இல் சுண்டெலிச் செல்களில் செய்த ஆய்வு, கிருமி ஷ்வான் செல்லைக் குருத்தணு போன்ற நிலைக்குத் திருப்புவதாகக் காட்டியது. 2017-இல் வரிக்குதிரை மீன் குஞ்சுகளில் செய்த ஆய்வு வேறொன்றைக் காட்டியது: அதே கொழுப்பு, கிருமியை விழுங்கும் மேக்ரோஃபேஜ் செல்களைத் தூண்டி நைட்ரிக் ஆக்சைடு சுரக்கவைக்கிறது, அதுதான் நரம்பிழையைச் சேதப்படுத்துகிறது. அந்த மீன் குஞ்சு கண்ணாடிபோல் இருப்பதால், உயிரோடு இருக்கும்போதே இதை நேரில் பார்க்க முடிந்தது.

நோயாளியிடம் காணும் ஒன்றுக்கு இது பொருந்துகிறது: பெரும் சேதம் கிருமியால் நேரடியாக அல்ல, உடலின் எதிர்வினையால் வருகிறது. கிருமி செத்த பிறகும், மருந்து முடிந்த பிறகும் நரம்பு வீக்கம் வரக்கூடும். திடீரெனக் கைகால் மரத்தாலோ பலம் குறைந்தாலோ உடனே ஸ்டீராய்டு சிகிச்சை தேவைப்படலாம். தாமதித்தால் ஊனம் நிலைத்துவிடும்.

மனிதரைத் தவிர வேறு எங்கே இருக்கிறது?

அர்மடில்லோ, பிரிட்டனின் சிவப்பு அணில், மேற்கு ஆப்பிரிக்கக் காட்டுச் சிம்பன்சி. 2008-இல் மெக்சிகோ நாட்டு நோயாளிகளிடம் மைக்கோபாக்டீரியம் லெப்ரோமடோசிஸ் என்ற இரண்டாம் கிருமியும் தெரியவந்தது. இந்தியாவில் நோயைப் பரப்புவது, நமக்குத் தெரிந்தவரை, சிகிச்சை பெறாத மனிதரே.

தடுப்பூசி?

பி.சி.ஜி. ஓரளவு காக்கிறது. 1991-இல் செங்கல்பட்டுப் பகுதியில் தொடங்கிய பெரிய சோதனையில் நான்கு ஊசிகளை ஒப்பிட்டார்கள். பி.சி.ஜி.யோடு கொல்லப்பட்ட லெப்ரே சேர்த்தது 64 சதவீதம், மும்பையின் ஐ.சி.ஆர்.சி. ஊசி 65.5 சதவீதம், பி.சி.ஜி. மட்டும் 34.1 சதவீதம், எம்.டபிள்யூ. ஊசி 25.7 சதவீதம் பாதுகாப்பு அளித்தன. முதலாவதுக்குத் தேவையான கிருமி அர்மடில்லோவிலிருந்துதான் வர வேண்டும். தேசம் முழுவதுக்கும் அப்படித் தயாரிப்பது நடக்காத காரியம். இப்போது நடைமுறையில் உள்ள தடுப்பு, நோயாளியோடு நெருங்கி வாழ்பவர்களுக்கு ஒரே வேளை ரிஃபாம்பிசின். வங்கதேசத்தில் செய்த ஆய்வில் முதல் இரண்டு ஆண்டில் அது புதிய நோயை 57 சதவீதம் குறைத்தது.

ஆய்வகத்தில் வேலை செய்பவருக்குத் தொற்றுமா?

வாய்ப்பு மிகக் குறைவு. பெரும்பாலான மனிதர்களுக்கு இயல்பிலேயே எதிர்ப்பாற்றல் உண்டு. கையுறை, முகக்கவசம், திசுவை அரைக்கும்போது பாதுகாப்புப் பெட்டி, ஊசியைக் கையாள்வதில் கவனம் ஆகியவை போதும். பிளேடை ஒருவருக்கு ஒன்று என்று பயன்படுத்துவது இந்தக் கிருமிக்காக மட்டுமல்ல. மஞ்சள் காமாலைக் கிருமி பரவாமல் இருக்கவும்தான்.

மாதிரியை எப்படி அனுப்ப வேண்டும்?

எதற்காக என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். ஒரே குப்பி எல்லாவற்றுக்கும் ஆகாது. சுண்டெலிக்கு என்றால் மருந்து தொடங்கும் முன் எடுத்து, மலட்டுக் குப்பியில், ஈரப் பனிக்கட்டியில், 24 மணி நேரத்துக்குள் சேர வேண்டும்; உறைய விடாதீர்கள். டி.என்.ஏ.வுக்கு என்றால் 70 சதவீத எத்தனால் போதும், சாதாரண வெப்பத்திலேயே பயணம் செய்யும். ஆர்.என்.ஏ.வுக்கு என்றால் எடுத்த கணமே ஆர்.என்.ஏ. காக்கும் கரைசலில் போடுங்கள். திசுவியலுக்கு மட்டும் ஃபார்மலின். ஃபார்மலினில் போட்டதைப் பி.சி.ஆருக்கு அனுப்பினால் டி.என்.ஏ. துண்டாகியிருக்கும், நீண்ட வரிசை எதுவும் வராது. குப்பியின் மேல் பென்சிலால் எழுதுங்கள், எத்தனால் பட்டால் பேனா மை அழிந்துவிடும். நோயாளி மருந்து தொடங்கினாரா, எந்தத் தேதியில் என்பதைப் படிவத்தில் தவறாமல் குறிப்பிடுங்கள். அது இல்லாமல் வரும் மாதிரியில் 'வளர்ச்சி இல்லை' என்ற முடிவு வந்தால், அதை யாராலும் விளக்க முடியாது.